இருபத்து நான்காவது ட்யூப்

வக்கீல் வீட்டிலும் போலீஸ் ஸ்டேஷனிலும் அழுது தீர்த்து, கண்ணில் பொட்டுத் தண்ணீர் மிச்சமில்லாதவர்கள்தான் கடைசியாக மீட்டரம்மாவின் மாடிப்படி ஏறுவார்கள். அன்று காலை ஏறி வந்த பெண்ணும் அப்படித்தான். மடியில் ஒரு பிளாஸ்டிக் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கொடுத்த தண்ணீரைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

மீட்டரம்மா மின் பாதுகாப்பு அலுவலகத்தில் முப்பது வருடம் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கரண்ட் அடித்து யாராவது செத்தால் 'கவனக்குறைவு' என்று ஒரு வார்த்தை எழுதிக் கோப்பை மூட அவருக்குக் கை வந்ததே இல்லை. கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவருக்கோ துப்பு என்றால் சோறு தண்ணி வேண்டாம். சோர்ந்த முகம் ஒன்று மாடியை அண்ணாந்து பார்த்தால் போதும், கடையை மனைவி தலையில் கட்டிவிட்டு நோட்டும் பேனாவுமாக மேலே வந்துவிடுவார். இன்றும் வந்துவிட்டார்.

"என் வீட்டுக்காரர் வயர்மேன். நாலு நாள் முன்னாடி கரண்ட் அடிச்சுப் போயிட்டார். என் தம்பிதான் கொன்னுட்டான்னு அவனைப் பிடிச்சு வச்சிருக்காங்க" என்றாள் அவள்.

ஜெராக்ஸ்காரரின் பேனா நின்றுவிட்டது.

"ரெண்டு பேரும் சேர்ந்துதான் வேலைக்குப் போவாங்க. ஒரு தையல் கம்பெனியில பழைய ட்யூப் லைட்டை எல்லாம் எடுத்துட்டு எல்இடி ட்யூப் போடுற வேலை. லீவு நாள். ஹால்ல வேற யாரும் இல்ல. மத்தியானம் தம்பி புது ட்யூப் எடுக்க ஸ்டோர் ரூமுக்குப் போனானாம். தொம்முனு சத்தம் கேட்டு ஓடி வந்தா, இவர் ஏணிக்குக் கீழே கிடந்தாராம். ஆனா அங்க இருக்கிற சூப்பர்வைசர், 'பையன் ஃபியூஸ் பெட்டிகிட்ட நின்னதை வாசல்லேருந்து பார்த்தேன்'னு எழுதிக் கொடுத்துட்டார்."

"அது மட்டும் போதாதே. கொல்றதுக்குக் காரணம் வேணுமே?" என்றார் மீட்டரம்மா.

அவள் தலை கவிழ்ந்தது. "அதை நான்தான் கொடுத்தேன். முதல் நாள் வீட்டுல சண்டை. கரண்டை நிறுத்தாமயே தம்பி வயரை முறுக்கியிருக்கான். இவர் ஓங்கி ஒரு அறை விட்டுட்டார். 'நீ செத்தா உங்க அக்காவுக்கு எவன் பதில் சொல்றது'ன்னு கத்தினார். அவனும், 'இன்னொரு தடவை கை வச்சா நடக்கிறதே வேற'ன்னுட்டான். போலீஸ் கேட்டப்போ அப்படியே ஒப்பிச்சுட்டேன். என் வாயாலேயே அவனை உள்ளே தள்ளிட்டேன்மா. புருஷனும் போய் தம்பியும் போனா நான் யாருக்குன்னு உயிரோட இருக்கிறது?"

பிறகு, யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோலச் சொன்னாள்: "ஒருவேளை அவன்தான் செஞ்சிருந்தா, அதையும் எங்கிட்ட சொல்லிடுங்க."

அவளிடமிருந்து மீட்டரம்மா பையை வாங்கினார். ஆஸ்பத்திரியில் கொடுத்த பை. ஒரு சீப்பு, ஒரு டெஸ்டர், பஸ் டிக்கெட், உள்ளங்கை அளவில் ஒரு வெள்ளைப் பீங்கான் கட்டை. ஆஸ்பத்திரிச் சீட்டில் 'பீங்கான் துண்டு ஒன்று' என்று எழுதியிருந்தது.

"இது எங்க இருந்தது?"

"சட்டைப் பாக்கெட்லயாம். ஏதோ வேலைச் சாமான்."

மீட்டரம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் இறுகிப்போனது. "ஜெராக்ஸ், எஸ்.ஐ.க்குப் போன் போடுங்க. ஹாலைத் திறக்கணும்."

*

செத்த அன்றே ஹாலுக்குப் பூட்டுப் போட்டு சீல் வைத்திருந்தார்கள். எஸ்.ஐ. சீலை உடைத்துத் திறந்தபோது, அடைபட்டுக் கிடந்த வெக்கை முகத்தில் அறைந்தது. துணி வெளுத்துவிடும் என்று ஜன்னல்கள் எல்லாவற்றுக்கும் அட்டை ஒட்டியிருந்தார்கள். பட்டப்பகலிலும் உள்ளே கண்ணைக் கட்டியது. எஸ்.ஐ. டார்ச்சை அடித்தார். தையல் மெஷின்கள், நடுவில் ஒரு பேக்கிங் மேஜை, கடைசியில் துணி உருளைகள் அடுக்கிய ஆளுயர ரேக்குகள். ரேக்குகளுக்குப் பின்னால் ஏணி இன்னும் நின்றுகொண்டிருந்தது. அதற்குக் கீழே தரையில் கிடந்த ஒற்றை ரப்பர் ஷூவை ஜெராக்ஸ்காரரால் பார்க்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எண்ணுங்க. கையும் கண்ணும் சும்மா இருக்க வேண்டாம்" என்றார் மீட்டரம்மா.

அவர் எண்ணினார். கூரையில் ட்யூப் மாட்டும் பட்டிகள் இருபத்து நான்கு. மூலையில் ஒரு சாக்கில் கழற்றிப் போட்ட சோக் இருபத்து நான்கு, ஸ்டார்ட்டரும் இருபத்து நான்கு. சுவரோரம் சாத்தி வைத்த பழைய ட்யூப்கள் இருபத்து மூன்று. புது ட்யூப் ஒன்றுகூட இன்னும் மேலே ஏறவில்லை.

"ஒரு பழைய ட்யூப் குறையுதே மேடம்... ஆங், இதோ! பேக்கிங் மேஜைக்கு மேல ஒண்ணு மட்டும் இன்னும் கழட்டாம இருக்கு. கணக்கு சரியாப் போச்சு."

"போச்சா?" என்றார் மீட்டரம்மா. எஸ்.ஐ. பிடித்த டார்ச் வெளிச்சத்தில் அந்த ட்யூபின் ஒரு முனை அடுப்புக் கரியாகக் கறுத்திருந்தது.

அடுத்து மேஜையைக் காட்டினார். வயர்மேன் செத்த அன்று காலை முழுவதும் பட்டிகளைப் பிரித்ததில் கூரைச் சுண்ணாம்பு உதிர்ந்து, மேஜைமேல் மாவு சலித்ததுபோலப் படிந்திருந்தது. அந்தப் பொடியின் மேல் ஒரு செருப்புத் தடம். குதிகாலில் ஒரு ஓரம் தேய்ந்த செருப்பு.

கடைசியாக வாசலை ஒட்டி, ஹாலுக்குள் இருந்த ஃபியூஸ் பெட்டியைத் திறந்தார். ஆறு இடங்கள். ஐந்தில் கட்டைகள். ஆறாவது காலி. எது எதற்கு என்று ஓர் எழுத்தும் இல்லை. மீட்டரம்மா வயரைத் தடவிக்கொண்டே போய், ஆறாவது எங்கே முடிகிறது என்று பார்த்துவிட்டு வந்தார்.

*

ஹாலுக்கு வெளியே பலகை தடுத்துக் கட்டிய தன் அறையில் சூப்பர்வைசர் உட்கார்ந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அட்டைத் துண்டால் விசிறிக்கொண்டிருந்தார்.

"ஃபேன் போடலையா?" என்று கேட்டார் மீட்டரம்மா.

"ரிப்பேர் மேடம். நாலு நாளாச்சு."

"அன்னிக்கு நீங்க ஹாலுக்குள்ள போனீங்களா?"

"இல்லவே இல்ல. கேட்டுல லாரிக்காகக் காத்திருந்தேன். வாசலைத் தாண்டிப் போகும்போது அந்தப் பையன் பெட்டிகிட்ட நிக்கிறதைப் பார்த்தேன். அவ்வளவுதான்."

"அப்ப எங்களோட உள்ளே வாங்க" என்றார் மீட்டரம்மா. எஸ்.ஐ. பின்னால் வந்தார். இறந்தவனின் மனைவி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

மீட்டரம்மா பையிலிருந்த பீங்கான் கட்டையை எடுத்து எஸ்.ஐ. கையில் வைத்தார். "இது ஃபியூஸ் கட்டை. இது பெட்டியில இருந்தாத்தான் கரண்ட் வரும். வேலைன்னா வேலைன்னு இருக்கிற வயர்மேன் இதைப் பிடுங்கித் தன் சட்டைப் பாக்கெட்ல போட்டுக்குவான். கட்டை பாக்கெட்ல இருக்கிற வரைக்கும் உசுரு பத்திரம். செத்தவர் அதைத்தான் செஞ்சார். அதைச் செய்யாததுக்குத்தான் மச்சானை அறைஞ்சார்."

"கட்டை அவர்கிட்ட இருந்தா கரண்ட் எப்படி வந்தது?" என்றார் எஸ்.ஐ.

"லைட்டுக்கான இடத்துல இன்னொரு கட்டை உக்காந்திருக்கு. ஆறாவது இடத்துக் கட்டை. அந்த ஆறாவது இடத்து வயர் இவரோட அறைக்குப் போகுது. அதான் நாலு நாளா அய்யா அட்டையில விசிறிக்கிறார். ஹாலுக்கு சீல் வச்சாச்சு. திரும்ப எடுத்து மாட்ட முடியல."

சூப்பர்வைசர் உதட்டை நக்கினார். "அந்தப் பையனே மாத்திப் போட்டிருக்கலாமே?"

"கேட்கலாம், நல்ல கேள்வி" என்றார் மீட்டரம்மா, குரலை உயர்த்தாமல். "அதுக்குத்தான் இந்த ட்யூப். ஜெராக்ஸ், பழைய ட்யூப் எரிய என்ன வேணும்?"

"சோக்கும் ஸ்டார்ட்டரும்."

"சாக்குல இருபத்து நாலும் இருக்கு. இந்தப் பட்டியோடதும் அதுல அடக்கம். புது ட்யூபுக்கு அது ரெண்டும் வேண்டாம். கரண்ட் ஒரே முனைக்கு நேரே வர்ற மாதிரி வயரை மாத்தியாச்சு. இவங்க வேலை செய்யிற முறை அது. முதல்ல ஹால் பூராவும் வயரை மாத்துறது, புது ட்யூபை எல்லாம் கடைசியில ஒரே மூச்சா மாட்டுறது. வயர் மாத்தின பட்டியில பழைய ட்யூபைச் சொருகினா என்ன ஆகும்? பட்டுனு முனை வெந்துபோகும். இதோ வெந்திருக்கு. தன் கையால சோக்கைக் கழட்டிப் போட்டவன், அதே பட்டியில பழைய ட்யூபை மாட்டுவானா? உள்ளே என்ன செஞ்சிருக்காங்கன்னு தெரியாத ஒருத்தர், மேஜை மேல ஏறி, வெளிச்சம் வேணும்னு சுவரோரம் இருந்ததுல ஒண்ணை எடுத்துச் சொருகியிருக்கார். வயர்மேன் ரெண்டு பேர் கால்லயும் ரப்பர் ஷூ. மேஜைல செருப்புத் தடம். அன்னிக்குக் கொட்டின சுண்ணாம்பு மேல பதிஞ்சது. லாரிக்குப் பெட்டி கட்ட வேண்டியது யாரு?"

எஸ்.ஐ. சூப்பர்வைசரின் கால்களைப் பார்த்தார். "செருப்பைக் கழட்டுங்க."

கழற்றிய செருப்பை ஜெராக்ஸ்காரர் கைக்குட்டையால் பிடித்து மேஜைத் தடத்துக்குப் பக்கத்தில் வைத்தார். குதிகாலின் அதே ஓரம் தேய்ந்திருந்தது.

சூப்பர்வைசர் அப்படியே மெஷின் ஸ்டூலில் சரிந்தார். "சத்தியமா அவர் இருக்கார்னு தெரியாது! சத்தமே இல்ல. ரெண்டு பேரும் சாப்பிடப் போயிட்டாங்கன்னு நினைச்சேன். லாரி வந்துடும்னு முதலாளி போன்ல பிராணனை வாங்கினார். ட்யூபைச் சொருகிட்டு, பெட்டியில ஏதோ ஒரு கட்டையைப் பிடுங்கிக் காலி இடத்துல போட்டேன். மேல பட்டுன்னுது. அதே நேரம் ரேக்குக்குப் பின்னாடி தொம்முன்னுது. பையன் ஓடி வர்ற சத்தம் கேட்டு, பக்கவாசல் வழியா வெளியே போயிட்டேன். வேணும்னு செய்யலை மேடம். தெரியாம நடந்துபோச்சு."

"கட்டை போட்டது தெரியாம" என்றார் மீட்டரம்மா. "பையன் பெட்டிகிட்ட நின்னான்னு எழுதிக் கொடுத்தீங்களே, அது தெரிஞ்சுதானே?"

அவர் முகத்தைப் பொத்திக்கொண்டார். வாசற்படியில் நின்றவள் மெல்லக் கீழே உட்கார்ந்தாள்.

*

பேப்பர் வேலை முடிந்து தம்பியை வெளியே விட மாலையாகிவிட்டது. ஸ்டேஷன் வாசலில் மூவரும் காத்திருந்தார்கள். நாலு நாள் தாடியோடு அவன் வந்தான். உதடு வீங்கியிருந்தது. அக்கா புருஷனைத் தூக்கியபோது சட்டையில் ஒட்டிய சுண்ணாம்பு இன்னும் போகவில்லை.

அவள் ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். அவன் கையை உதறவும் இல்லை, பிடிக்கவும் இல்லை.

"மாமா பாக்கெட்ல கட்டை இருந்துச்சாமே. எஸ்.ஐ. சொன்னார்" என்றான்.

"ஆமாடா."

"நாலு நாளா உன் மடியிலயா இருந்துச்சு?"

"அது என்னன்னு எனக்குத் தெரியலடா. சத்தியமாத் தெரியல."

அவன் அக்காவையே பார்த்தான். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். அது இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ஜெராக்ஸ்காரருக்குத் தோன்றியது.

"சரி, கட்டையைத் தெரியாது" என்றான். "என்னைக்கூடவா தெரியாது?"

அவன் தெருவில் இறங்கி முன்னால் நடந்தான். அவள் அந்தப் பிளாஸ்டிக் பையை அணைத்தபடி, பத்தடி பின்னால், எட்டிப் பிடிக்கத் தைரியமில்லாமல் நடந்தாள். மீட்டரம்மா அவர்கள் திருப்பத்தில் மறையும்வரை நின்று பார்த்தார். ஜெராக்ஸ்காரர் அன்று நோட்டில் எதையும் எழுதவில்லை.