பதினோரு மணி நேரம் எரிந்த சிவப்பு விளக்கு

பதினோரு மணி நேரம் நாற்பது நிமிடம். எக்ஸ்ரே படங்களைக் கழுவும் ஹெல்வி உள்ளே இருந்தபோது இருட்டறைக்கு வெளியே சிவப்பு விளக்கு அவ்வளவு நேரம் எரிந்தது. அது எரிந்தால் கதவைத் திறக்கக் கூடாது. பின்லாந்தின் வடக்கே இருந்த அந்தச் சிறு மருத்துவமனையில் எல்லோரும் விதியை மதிப்பவர்கள். விடியற்காலையில் துப்புரவுக்கு வந்தவள்தான் திறந்தாள்.

மாரடைப்பு, உடனடி மரணம் என்று பதிவேட்டில் இருந்தது.

மறு வருடம் பிப்ரவரியில், ஒரு வியாழக்கிழமை காலை, நான் போய்ச் சேர்ந்தேன். எங்கோ வெளிச்சம் கசிந்து எக்ஸ்ரே படங்கள் எல்லாம் சாம்பல் பூத்து வந்தன. இருட்டறையைப் புதிதாக வடிவமைப்பது என் வேலை. என் வரைபடத்தில் கதவே இல்லை. இரண்டு முறை திரும்பும் குறுகிய நடை மட்டும். மனிதர் திரும்பி வரலாம், வெளிச்சம் வராது.

முதலில், கதவின் வெளிப்புறம் இருந்த தாழ்ப்பாளைக் கழற்றி என் கோட்டுப் பையில் போட்டேன்.

"வெளியில எதுக்கு இது?" என்று எக்ஸ்ரே எடுக்கும் சிர்க்காவிடம் கேட்டேன்.

"கதவு வளைஞ்சு போச்சு. வெளியிலேர்ந்து தாழ் போட்டாத்தான் இறுகும். வேலை முடிஞ்சதும் ஹெல்வி மூணு தட்டு தட்டுவா, நான் திறப்பேன்." பேச்சை மாற்றினார். "வரைபடத்துல சுவருக்கு என்ன, மஞ்சளா? இருட்டறைக்குக் கறுப்புதானே?"

"சிவப்பு விளக்கு வெளிச்சம் சுவர்ல பட்டுத் திரும்பணும். அப்பத்தான் கண்ணு தெரியும்."

"படிச்ச பொண்ணு. சீக்கிரம் முடி. இன்னைக்குப் பட்டாணி சூப். டாக்டருங்க முந்திட்டா நமக்கு வெறும் தண்ணிதான்."

நண்பகலில் வெளிச்சக் கசிவு பார்க்க வேண்டியிருந்தது. இன்னொரு ஜோடிக் கண்கள் தேவை. சிர்க்கா தயங்கித்தான் உள்ளே வந்தார்.

வெளிச் சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டு, உள் விளக்குகளை அணைத்தேன். ஒரு புதிய படத்தாளை மேசையில் வைத்து, மேலே ஐந்து நாணயங்களை அடுக்கினேன். வெளிச்சம் கசிந்தால் தாள் முழுதும் கறுக்கும், நாணயம் மறைத்த இடம் மட்டும் வெளுப்பாக நிற்கும்.

பத்து நிமிடம் நின்றோம். ஒரு கீற்றுகூடத் தெரியவில்லை. மருந்துத் தொட்டிகளின் புளிப்பு வாடை. அந்த வாடையை வெளியே இழுக்கும் காற்றாடியின் முனகல்.

இரும்பில் இரும்பு உரசியது.

"நீங்களா?"

"நான் அசையவே இல்ல" என்று சிர்க்கா கிசுகிசுத்தார்.

உள்ளே இருந்த சிறிய சிவப்பு விளக்கைப் போட்டுத் தாளை மருந்தில் இறக்கினேன். மெல்லக் கறுத்தது. ஐந்து வட்டங்கள் வெளுப்பாக நின்றன.

தாளில் அவற்றின் பக்கத்தில், அதே வெளுப்பில், ஒரு கை.

விரித்த கை. சுண்டுவிரல் உள்பக்கம் வளைந்திருந்தது.

"அது ஹெல்வி விரலு" என்றார் சிர்க்கா.

கதவுக்கு ஓடினேன். கைப்பிடி திரும்பியது. கதவு அசையவில்லை. பைக்குள் கையை விட்டேன். தாழ்ப்பாள் அங்கேதான் இருந்தது. அதன் தண்டு தாழிட்ட நிலைக்கு முழுதும் நகர்ந்திருந்தது. எவ்வளவு இழுத்தும் நகரவில்லை.

காற்றாடி நின்றது.

"கத்துங்க, சிர்க்கா."

"எல்லாரும் சூப்புக்குப் போயிருப்பாங்க. வர்றவங்களும் வெளியில சிவப்பு விளக்கைப் பார்த்துட்டுத் திரும்பிடுவாங்க." அவருக்கு இருமல் வந்தது. புளிப்பு என் தொண்டையிலும் இறங்கியது.

டொக். டொக். டொக்.

கதவின் உள்பக்கம். எங்கள் இருவருக்கும் நடுவில், தோள் உயரத்தில்.

"மறந்துட்டேன், ஹெல்வி" என்றார் சிர்க்கா. "நாலு மணி பஸ்ஸுக்கு ஓடினேன். தாழ் போட்டதையே மறந்துட்டேன். மறுநாள் வந்துதான் தெரியும்."

மூன்று தட்டு. இப்போது இடுப்பு உயரத்தில்.

"சத்தியமா."

மூன்று தட்டு. தரையை ஒட்டி, பலமில்லாமல்.

உடனடி மரணம் இல்லை என்பது எனக்குப் புரிந்தது. சிர்க்கா கதவோரம் சரிந்து உட்கார்ந்தார்; தட்டு கேட்ட இடத்தில் கன்னத்தை வைத்தார்.

"பஸ்ஸுல ஞாபகம் வந்துச்சு" என்றார்.

என் கைக்குள் தாழ்ப்பாளின் தண்டு தானாகப் பாதி நகர்ந்து நின்றது.

மீதிப் பாதியும் நகரக் காத்திருந்தேன்.

"அடுத்த நிறுத்தத்துல பஸ் நின்னுச்சு, ஹெல்வி. கதவு திறந்துச்சு. வெளியில பனி கொட்டிட்டு இருந்துச்சு. நான் இறங்கல."