விண்ணப்பத்தில் இன்னொரு பெயர்

மத்தியானம் இரண்டு மணிக்கு அந்தச் சின்ன விமானம் மடகஸ்காரின் தெற்கே, செம்மண் வெளியில் இறங்கியது. விமான நிலையம் என்று இருந்தது ஒரு தகரக் கூரைக் கட்டடம். உள்ளே மெதுவாகச் சுற்றும் ஒரு மின்விசிறி, ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் முகம் இறுகிய ஓர் அதிகாரி. இலங்கையின் நிவித்திகலையிலிருந்து மாணிக்கக்கல் வாங்க வந்த நுஹ்மான் வரிசையில் கடைசி ஆளாக நின்றான்.

அவனுக்கு இது இரண்டாவது பயணம். நான்கு வருடங்களுக்கு முன் மனைவி நப்லாவின் தம்பி ஜவ்பரோடு கல் தோண்ட வந்திருந்தான். ஜவ்பர் திரும்பவில்லை. காய்ச்சலில் மவுத்தாகிவிட்டான், அங்கேயே அடக்கிவிட்டோம் என்று நுஹ்மான் வீட்டில் சொல்லியிருந்தான்.

சுற்றுலா விசாவுக்கான தாளை நிரப்பினான். உடன் வருவோர் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதிக் கொடுத்தான்.

அதிகாரி அதைத் திருப்பித் தள்ளினார். "மற்றவர் எங்கே?" என்று அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டார்.

"யாரும் இல்லை. நான் மட்டும்தான்."

அதிகாரி விரலால் தட்டிக் காட்டினார். அவன் 'இல்லை' என்று எழுதிய இடத்தில் ஜவ்பரின் பெயர் இருந்தது.

நுஹ்மான் வேறொரு தாள் கேட்டு வாங்கினான். இம்முறை ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து எழுதினான். பேனாவை மூடிச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, தாளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

தாளின் அடியிலிருந்து ஈரம் ஊறியது.

ஈரம் பழுப்பானது. பழுப்பு அதே பெயரின் எழுத்தானது.

மாணிக்கக்கல் தோண்டும் குழியின் வாடை மூக்கில் ஏறியது. வெயில் படாத களிமண்ணும் தேங்கிய தண்ணீரும் கலந்த வாடை. இரத்தினபுரிப் பக்கம் பிறந்தவனுக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அதிகாரி அவனுடைய பாஸ்போர்ட்டை இழுத்து வைத்துக்கொண்டார். "பொய் சொல்கிறாய். மற்றவர் வரும்வரை அங்கே உட்கார்."

மற்றப் பயணிகள் போய்விட்டார்கள். நுஹ்மான் மர வாங்கில் உட்கார்ந்தான். முதுகுக்குப் பின்னால் சுவர். சுவருக்குள் எங்கோ ஆழத்தில் மண் சரிந்தது.

"மச்சான்."

அவன் திரும்பவில்லை.

"மச்சான், கயித்தப் போடுங்க."

நப்லாவுக்கு அழைப்பு எடுத்தான். ஒரு மனிதக் குரல் கேட்டால் போதும் போலிருந்தது.

"எங்க ஈக்கிறீங்க?" என்றாள் நப்லா.

"ஏர்போட்ல. விசா தர மாட்டாங்களாம்."

அவள் அமைதியாகக் கேட்டாள். "ஜவ்பர் எப்பிடி மவுத்தானான்?"

"காய்ச்சல்னு சென்னேனே."

"இன்னொருக்காச் செல்லுங்க."

வாடை நெருங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. வாங்கு ஓர் ஆளின் பாரத்துக்கு அமுங்கியது.

"குழி சரிஞ்சிச்சு, நப்லா. உள்ளேருந்து கூப்பிட்டான். உசிரோடதான் இருந்தான். என்ட விசா முடிஞ்சி ரெண்டு மாசம். ஆளக் கூப்பிட்டா பொலிஸ் வரும். ஜெயில்ல போடுவாங்கன்னு பயந்து வந்துட்டன்."

அவள் அழுவாள், திட்டுவாள் என்று காத்திருந்தான்.

"எனக்குத் தெரியும்," என்றாள் நப்லா. "அவன் அண்டைக்கே வந்து சென்னான். நீங்க வாயால செல்ற வரைக்கும்தான் பாத்துட்டு ஈந்தன்."

"நப்லா, நான் திரும்பி வாரன்."

"வேணாம். அவன் கூடப் போங்க."

தொடர்பு அறுந்தது.

அதிகாரி கூண்டுக்குள்ளிருந்து கையசைத்தார். பாஸ்போர்ட்டில் விசா ஒட்டியாகிவிட்டது. முப்பது நாட்கள். "மற்றவர் வந்து கையெழுத்துப் போட்டார். வெளியே நிற்கிறார்," என்றார்.

"எனக்கு விசா வேண்டாம். திருப்பி அனுப்புங்கள்."

"விமானம் போய்விட்டது. கட்டடத்தைப் பூட்டப்போகிறேன். வெளியே போ."

நுஹ்மான் கூண்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். அதிகாரி வந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அவனைக் கதவுக்கு வெளியே தள்ளினார். வெளியே கண் கூசும் வெயில். கதவு சாத்திக்கொண்டது.

அதன்பின் அவனைப் பார்த்ததாக யாரும் சொல்லவில்லை. முப்பது நாள் முடிந்தும் அவன் அந்த நாட்டைவிட்டு வெளியேறிய பதிவு இல்லை.

நிவித்திகலையில் நப்லா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அஸர் தொழுகை முடிந்ததும் தினமும் அவளுடைய போன் அடிக்கும். எடுத்துக் காதில் வைத்துக்கொள்வாள். யாரும் பேசுவதில்லை.

இரண்டு பேர் மூச்சுவிடுவது மட்டும் கேட்கும்.