மூச்சில் விழுந்த குண்டூசி

"முதல்ல வாயில இருக்கிறதைத் துப்புங்க!"

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். தையல் கடைக்கு வருகிறவர்கள் கை நீளம் என்பார்கள், கழுத்து இறுக்கம் என்பார்கள். வந்ததும் வராததுமாக இப்படி ஓர் அதட்டலை அவள் கேட்டதே இல்லை. எதிரே நின்றவன் பக்கத்து ஆஸ்பத்திரியின் தொண்டை டாக்டராம். புது வெள்ளைக் கோட்டு தோளை இறுக்கிப் பிடிக்கிறதென்று தளர்த்தித் தைக்க வந்திருந்தான். கண்கள் மட்டும்... அடடா, அதட்டும்போதுகூடச் சிரிக்கிற கண்கள் ஒருவனுக்கு இருக்கலாமா?

இருக்கட்டுமே! அவள் உதடுகளுக்கு நடுவே குண்டூசிகள் வரிசையாக இருந்தன. கை இரண்டும் துணியில் இருக்கும்போது ஊசியை வேறு எங்கே வைப்பதாம்? தொழில் கற்ற நாளிலிருந்தே இப்படித்தான். ஒன்றை உருவி, அவன் போட்டிருந்த கோட்டின் கையில் குத்தினாள், கொஞ்சம் அழுத்தமாகவே.

"ஆ! ஏங்க, வாய் திறந்து பேச மாட்டீங்களா?"

மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

"இப்படி முறைச்சவங்க நிறைய பேர் என் ஆபரேஷன் மேஜைல வந்து படுத்திருக்காங்க. சாப்பாடு போற வழியும் மூச்சு போற வழியும் பக்கத்துப் பக்கத்துலங்க. நடுவுல சின்னதா ஒரு மூடி. சிரிச்சா போதும், அது திறந்துக்கும். இப்படி..."

பாடம் நடத்துகிறாராமே! கையை உயர்த்தி அவன் அந்த மூடி திறப்பதைக் காட்டியதுதான் தாமதம்... டர்ர்ர்! கோட்டு அக்குளிலிருந்து முதுகு வரை கிழிந்தது. அந்த டாக்டர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! அவளுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. சிரித்து முடித்து ஒரு பெரிய மூச்சை இழுத்தாள்.

அவ்வளவுதான். இருமல்... இருமல்... கண்ணெல்லாம் நீர். கடைக்குச் சொந்தக்காரனான அவள் அண்ணன் கல்லாவிலிருந்து ஓடி வந்து முதுகில் தட்டக் கையை ஓங்கினான்.

"தட்டாதீங்க! தண்ணியும் கொடுக்காதீங்க!" டாக்டர் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினான். "நிமிர்ந்து உட்காருங்கம்மா. மெதுவா மூச்சு விடுங்க. என்னைப் பாருங்க... என்னை மட்டும் பாருங்க."

பார்த்தாள். இருமல் மெல்ல அடங்கியது. தரையில் சிதறிய ஊசிகளை அண்ணன் பொறுக்கி எண்ணிப் பார்த்தான். ஒன்றைக் காணவில்லை.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படத்தைக் காட்டினார்கள். நெஞ்சுக்குள் வலது பக்கமாகப் போகும் மூச்சுக்குழாயில் பளிச்சென்று ஒரு வெள்ளைக் கோடு. ஐயோ, இது எனக்குள்ளேயா? அவளுக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது.

"கத்தியே வேணாம். வாய் வழியா குழாய் விட்டு எடுத்துடலாம். நான் இருக்கேன்ல, நானே எடுக்கறேன்," என்றான் அவன். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் ஆபரேஷன் அறைக்குள் போனாள்.

பெரிய விளக்கின் கீழே, மாஸ்க்குக்கு மேலே, அந்தக் கண்கள் தெரிந்தன. அவளைப் பார்த்தன... பார்த்துக்கொண்டே இருந்தன... சட்டென்று அவன் பின்வாங்கினான்.

"மேடம், நீங்களே பண்ணிடுங்க," என்று பெரிய டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டு, விறுவிறுவென்று வெளியே போய்விட்டான்!

போகிறானா? என்னை இப்படிப் போட்டுவிட்டா? கத்த வாயெடுப்பதற்குள் மயக்க மருந்து அவளை இழுத்துக்கொண்டது.

ஊசி வந்துவிட்டது. தொண்டைதான் கரகரவென்று ஆகிவிட்டது.

"பெருசா பேசினான், சமயம் பாத்துக் கழண்டுக்கிட்டான் பாத்தியா பாப்பா? இனிமே கடைப் படி ஏறட்டும், இருக்கு அவனுக்கு!" என்று அண்ணன் கறுவினான். ஏறக் கூடாது என்று அவளும் நினைத்தாள். ஆனால் பார்வை என்னவோ வாசலுக்கே போனது. வெட்கங்கெட்ட பார்வை!

அண்ணன் துணி வாங்கப் போயிருந்த ஒரு மழை நாளில் அவன் சொட்டச் சொட்ட நனைந்து வந்து நின்றான். தைத்து வைத்த கோட்டை மேஜை மேல் எறிந்துவிட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"போங்க. உங்ககிட்ட பேச ஒண்ணுமில்ல," என்று கிசுகிசுத்தாள்.

"கிசுகிசுக்காதீங்க, அது தொண்டைக்கு இன்னும் கெடுதல். திட்டணும்னா வாய் திறந்தே திட்டுங்க."

"திட்டத்தான் போறேன்! நானே எடுக்கறேன்னு சொன்னது யாரு? விட்டுட்டு ஓடினது யாரு? நான் செத்துப் போயிருந்தா?" சொல்லும்போதே குரல் உடைந்து அழுகை வந்துவிட்டது.

அவன் தலைகுனிந்து நின்றான்.

"கை நடுங்கிடுச்சுங்க," என்றான். "காசை முழுங்கின குழந்தை, மூச்சு முட்டின பெரியவர்னு எத்தனையோ பேரைப் பார்த்திருக்கேன். ஒரு தடவைகூட நடுங்கினதில்ல. உங்க முகத்தைப் பார்த்ததும் நடுங்குச்சு. அந்தக் கையோட உங்களைத் தொட்டிருந்தா... நினைக்கவே முடியல. கதவுக்கு வெளியவே நின்னேன். 'எடுத்தாச்சு'ன்னு மேடம் வந்து சொன்னதும் அப்படியே தரையில உட்கார்ந்துட்டேன்."

எறிந்த கோட்டை அவள் எடுத்து மெல்ல மடித்தாள்.

"எங்க தொழில்ல ஒரு வழக்கம் உண்டு. சொந்தக்காரங்களுக்கு நாங்களே வைத்தியம் பண்ண மாட்டோம். கை நிக்காது."

"நான்... உங்களுக்கு என்ன சொந்தம்?"

"அதை அந்த ஆபரேஷன் மேஜைகிட்ட நின்னப்பதான் தெரிஞ்சுக்கிட்டேன்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. காது மடல் வரைக்கும் சூடு ஏறியது. இத்தனை நாள் சேர்த்து வைத்த கோபம் எங்கே போய்த் தொலைந்ததோ! வெளியே மழை வலுத்தது.

"அப்போ... இனிமே எனக்குத் தொண்டை வலிச்சா?"

"மேடம்கிட்டதான் காட்டணும்."

"எவ்வளவு நாளைக்கு?"

"ஆயுசுக்கும்..."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கரகரத்த குரலில் வாய் திறந்தே சொன்னாள்.

"சரி. அந்த மேடம் ரொம்ப நல்லவங்க. அவங்ககிட்டயே காட்டிக்கறேன்."