மூடி கழற்றாத ஊசி

அன்று காலை இளவரசி இட்லியைத் தொடவே இல்லை.

அரண்மனை இளவரசி அல்ல. போன மாதம் நடந்த போட்டியில் பதினேழு பேரைத் தாண்டி ‘நகர இளவரசி’ பட்டம் வாங்கிய ஆறாம் வகுப்பு மாணவி. பட்டத்தோடு ஒரு கிரீடமும், தோளில் குறுக்கே போட்டுக்கொள்ள ஒரு நீலப் பட்டையும் கொடுத்தார்கள். ஓராண்டுக்கு ஊர் வேலை எது வந்தாலும் அவள் போய் நிற்க வேண்டும். அதுதான் விதி. நூலகத்தில் குட்டிப் பிள்ளைகளுக்குக் கதை வாசித்தாள். பூங்காவில் குப்பை பொறுக்கினாள். எல்லாம் சிரித்த முகத்தோடுதான்.

இன்றைய வேலை, ஊசி.

ஊரில் நாலு பிள்ளைகளுக்குத் தட்டம்மை கண்டிருந்தது. அதனால் பள்ளியில் எல்லாருக்கும் தடுப்பூசி. முதல் ஊசியை இளவரசி போட்டுக்கொண்டால் ஒன்றாம் வகுப்புக் குட்டிகளுக்குப் பயம் போய்விடும் என்பது போட்டிக் குழுச் செயலாளர் அம்மாளின் யோசனை.

நல்ல யோசனைதான். ஆனால் ஊசி என்றால் இளவரசிக்கு உயிர் போய் உயிர் வரும். போன வருடம் மருத்துவமனையில் மேசைக்கு அடியில் புகுந்துகொண்டவளை அப்பா காலைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

ஆசிரியர் அறையில் செயலாளர் அம்மாளிடம் மெதுவாகச் சொல்லிவிட்டாள்.

“அட, இதுக்கா மூஞ்சி இப்படித் தொங்குது?” என்றார் அவர். “மூடி போட்ட ஊசியைக் கைகிட்ட வைக்கச் சொல்றேன். நீ சிரி. ஒரு போட்டோ. சாயந்திரம் அம்மாவோட போய் நிஜமாப் போட்டுக்கோ.”

“அது பொய் இல்லையா ஆன்ட்டி?”

“பொய் இல்லம்மா, நடிப்பு. மேடையில நடந்தியே, அது மட்டும் என்னவாம்?”

அந்தப் பதில் சரியில்லை என்று இளவரசிக்குத் தெரிந்தது. ஆனாலும் மனசிலிருந்து ஒரு பெரிய பாரம் இறங்கியது.

கூடத்தில் ஸ்பிரிட் வாசனை. நாற்பது குட்டிகள் வரிசையில் நின்றார்கள். மேசைமேல் மருந்து வைத்த குளிர்ப்பெட்டி. அதன் பின்னால் நர்ஸ்.

“எனக்கு இது பிடிக்கல மேடம்,” என்று நர்ஸ் செயலாளர் அம்மாளிடம் முணுமுணுத்தார். “சரி, சீக்கிரம் முடிங்க. புட்டியைத் திறந்தா ஆறு மணி நேரம்தான் தாங்கும். இன்னும் ரெண்டு ஸ்கூல் போகணும்.”

இளவரசி உட்கார்ந்தாள். ஊசி கைக்குப் பக்கத்தில் வந்தது. சிரித்தாள். படம் எடுத்தாயிற்று.

“பார்த்தீங்களா? வலிக்கவே இல்ல,” என்றாள்.

“மூடி இருக்கு,” என்றது ஒரு சின்னக் குரல்.

வரிசையில் முதலில் நின்ற சிறுமி அவள். டீச்சரின் செருப்பு மாறியிருந்தால்கூடக் கண்டுபிடித்துவிடுவாள் என்பதால் வகுப்பில் அவளுக்கு ‘பூதக்கண்ணாடி’ என்று பெயர்.

“ஊசில வெள்ளை மூடி. எடுக்கவே இல்ல,” என்றாள் மறுபடியும்.

பின்னால் நின்ற குண்டுப் பையன் கொஞ்சம் யோசித்தான். “இளவரசி அக்காவே பொய்யாப் போட்டுக்கிட்டாங்கன்னா, நிஜமாப் போட்டா எவ்வளவு வலிக்கும்?”

அவ்வளவுதான். ஒருத்தி அழ ஆரம்பித்தாள். அடுத்து மூன்று பேர். வரிசை சிதறியது. பெஞ்சுக்கு அடியில் ஐந்து பேர். ஒருவன் திரைச்சீலையைச் சுற்றிக்கொண்டான். அவன் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. செயலாளர் அம்மாள் சாக்லேட் டப்பாவைக் குலுக்கிப் பார்த்தார். யாரும் வரவில்லை.

நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தார். பெட்டியை மூடத் தொடங்கினார்.

“பிள்ளைங்களைப் பிடிச்சு அமுக்கி நான் போட மாட்டேன். மறுபடி வர ரெண்டு வாரம் ஆகும்.”

“ரெண்டு வாரமா?” ஒன்றாம் வகுப்பு டீச்சரின் முகம் வெளுத்தது. “இதே வகுப்புல ஒரு பிள்ளைக்கு நேத்து காய்ச்சல் வந்திருக்கு சிஸ்டர்.”

யாரும் இளவரசியைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அவள் காதுகள் சுட்டன. சாயந்திரம் அம்மா வருவாள், கையைப் பிடித்துக்கொள்வாள். இப்போது பேசாமல் இருந்தால் போதும்.

திரைச்சீலைக்குக் கீழே தெரிந்த அந்தச் சின்னக் கால்கள் நடுங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சிஸ்டர், நிஜமாப் போடுங்க,” என்றாள்.

நர்ஸின் கை நின்றது.

இளவரசி பூதக்கண்ணாடியைக் கூப்பிட்டாள். “இங்க வா. மூடியை எடுக்கறாங்களான்னு நீயே பார்த்துச் சொல்லு.”

பிறகு கூடத்தைப் பார்த்துச் சொன்னாள்: “முதல்ல நான் செஞ்சது பொய். எனக்கு ஊசின்னா பயம். போன வருஷம் மேசைக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கிட்டேன்.”

பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. “நிஜமாவா? வலிக்குமாக்கா?”

“வலிக்கும்னுதான் நினைக்கிறேன். எவ்வளவுன்னு போட்டுக்கிட்டுச் சொல்றேன்.”

நர்ஸ் புது ஊசியில் மருந்தை ஏற்றினார்.

“மூடியை எடுத்தாச்சு,” என்று பூதக்கண்ணாடி உரக்க அறிவித்தாள். “ஊசி வருது. கிட்ட வருது. இன்னும் கிட்ட...”

“அதையெல்லாம் சொல்லாதே தாயே,” என்றாள் இளவரசி. கண்ணை இறுக மூடிக்கொண்டாள். நாற்காலியின் விளிம்பைப் பிடித்த விரல்கள் வெளுத்தன. கால் தானாக எழுந்து ஓடப் பார்த்தது. கையை மட்டும் கல் மாதிரி வைத்துக்கொண்டாள்.

சுருக்.

“உள்ள போயிடுச்சு,” என்று பூதக்கண்ணாடி கிசுகிசுத்தாள். “வெளிய வந்துடுச்சு.”

இளவரசி கண்ணைத் திறந்தாள். கண்ணீர் கன்னத்தில் வழிந்து நீலப் பட்டையில் சொட்டியது. கிரீடம் ஒரு காதுப்பக்கம் சரிந்து கிடந்தது.

“எவ்வளவு வலிச்சுது?” திரைச்சீலை கேட்டது.

“கட்டெறும்பு கடிச்ச மாதிரி.”

“ஒண்ணா, ரெண்டா?”

“ஒண்ணு. கொஞ்சம் பெருசு. இப்பப் போயிடுச்சு.”

பூதக்கண்ணாடி அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். “ஆனா நீங்க அழறீங்க.”

“ஆமா.”

“அழலாமா?”

“தாராளமா. கையை மட்டும் ஆட்டக் கூடாது.”

பூதக்கண்ணாடி இளவரசியை எழுந்துகொள்ளச் சொன்னாள். பிறகு நாற்காலியில் ஏறி உட்கார்ந்து சட்டைக் கையை மேலே சுருட்டினாள். உதடு ஏற்கெனவே பிதுங்கத் தொடங்கியிருந்தது. இளவரசி அவளுடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள்.

பெஞ்சுக்கு அடியிலிருந்து ஐந்து பேரும் தவழ்ந்து வந்தார்கள். திரைச்சீலையும் தன்னைத் தானே அவிழ்த்துக்கொண்டு கடைசியில் வந்து நின்றது.

அன்று அந்தக் கூடத்தில் நாற்பது பேரும் மனசார அழுதார்கள். ஒருவர் கைகூட ஆடவில்லை.