மஞ்சள் கால், பச்சைக் கால்

தொட்டிலில் கிடந்த குழந்தையின் ஒரு காலில் மஞ்சள் சாக்ஸ் இருந்தது. இன்னொரு காலில் பச்சை.

கண் விழித்ததும் ஸ்டேஷன் மாஸ்டரின் பார்வையில் பட்டது அதுதான். அவர் ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகியும் வீட்டுக்கு வெளியே எல்லோருக்கும் ஸ்டேஷன் மாஸ்டர்தான். இரட்டைப் பேரன்களில் மூத்தவனுக்கு மஞ்சள், இளையவனுக்குப் பச்சை என்பது மருமகள் செய்திருந்த ஏற்பாடு. இன்னும் தலை நிற்காத அந்த இரண்டு பேரும் ஒரே அச்சு. மூத்தவனைத் தொட்டிலில் விட்டு, இளையவனை எடுத்துக்கொண்டு அவள் உள்ளறைக் கதவைச் சாத்தியிருந்தாள். அப்படியென்றால் தொட்டிலில் இரண்டு காலும் மஞ்சளாக இருக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய தவறு ஒன்று நடந்திருந்தது. அவர் தூங்கிவிட்டிருந்தார். சர்வீஸ் முழுவதும் டியூட்டியில் ஒரு நாள்கூடக் கண் அசந்ததில்லை என்று யாரைக் கண்டாலும் சொல்லும் மனிதர், பட்டப்பகலில், நாற்காலியில் சாய்ந்து, வாயைப் பிளந்துகொண்டு. எச்சில் வழிந்து காலர் ஈரமாகியிருந்தது. அவசரமாகத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

வெளியே தூறல். திரைகள் எப்போதும் இழுத்தே கிடந்ததால் அந்தக் கூடத்தில் பகலுக்கும் இரவுக்கும் வித்தியாசம் போய் வெகுநாள் ஆகிவிட்டது. குறுக்கே கட்டிய கயிற்றில் காயாத துணிகள் வரிசையாகத் தொங்கி, மின்விசிறிக் காற்றில் மெதுவாக அசைந்து, சுவரில் யார் யாரோ நடமாடுவதுபோல நிழல்களை ஏவிக்கொண்டிருந்தன. புளித்த பால், பவுடர், ஈரத்துணி எல்லாம் கலந்த அந்த வீட்டு வாசனைக்குக் கீழே இன்று வேறொன்றும் இருந்தது. நெடுநாள் பூட்டிக் கிடந்த பார்சல் அறையைத் திறக்கும்போது முகத்தில் அடிக்குமே, அந்த நாற்றம்.

தரையில் மூன்று வயதுப் பேத்தி துணிக் கிளிப்புகளை ரயிலாக அடுக்கிக்கொண்டிருந்தாள். கட்டெறும்பு என்பது அவர் வைத்த பெயர்.

"சாக்ஸை நீ மாத்துனியா, கட்டெறும்பு?"

"நான் இல்ல."

"பொய் சொல்லக் கூடாது."

"தாத்தா மட்டும் தூங்கலாமா? கொர்ர்ருன்னு. எஞ்சின் மாதிரி."

அவருக்கு முகம் சூடாகிவிட்டது. "அம்மாகிட்ட சொல்லாதடா கண்ணு. பிஸ்கட் தர்றேன்."

"ரெண்டு."

இரண்டு கொடுத்தார். மூன்று வயதுக் குழந்தைக்குக் கையூட்டு.

உள்ளே போய்க் கேட்டுவிடலாம். என்னவென்று கேட்பது? 'என் காவலில் இருப்பவன் மூத்தவனா இளையவனா' என்றா? மருத்துவமனையில் மருமகள் சாக்ஸ் மாட்டியபோது, "அடையாளம் வேற வேணுமா? என் ரத்தம் எனக்குத் தெரியாதா?" என்று சம்பந்திகளின் முன்னால் சொன்னவர் அவர். அன்றிலிருந்து இன்றுவரை ஒரு முறைகூடத் தெரிந்ததில்லை. தூக்குவதற்கு முன் காலைத்தான் பார்ப்பார். அப்புறம் அந்த உச்சந்தலையை முகர்வார். யாரும் கவனிக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, தூக்கத்தில் சிரிக்கும் பேரனுக்குப் பதிலுக்குச் சிரிப்பார். அந்த மாதிரி நேரத்தில் எவனாக இருந்தால் என்ன என்றிருக்கும்.

பகலுக்கு மட்டும் ஓர் ஆயா வைத்துக்கொள்ளலாம் என்று மருமகள் கெஞ்சியதுண்டு. வந்த பெண்ணை வாசலோடு திருப்பி அனுப்பியவரும் அவர்தான். நம் வீட்டுப் பிள்ளைகளைக் கூலிக்கு ஆள் வைத்து வளர்த்தார்கள் என்று நாளை நாலு பேர் பேசக் கூடாது. மகன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டப் போய்விடுவான், இவள் ஒண்டியாள். இன்று காலை பால் புட்டி கழுவிக்கொண்டே, நின்ற நிலையில் தூங்கிப்போனாள். குழாய் மூடாமல் தொட்டி நிரம்பி வழிந்து தரையெல்லாம் தண்ணீர். அதைப் பார்த்த பிறகுதான், "நீ போய்ப் படும்மா, நான் பாத்துக்கறேன்" என்று சொல்ல அவருக்கு வாய் வந்தது.

குழந்தை கண்ணைத் திறந்தது. அழவில்லை.

அவர் குனிந்து தூக்கினார். கனமாக இருந்தது. காலையில் தூக்கியதைவிடக் கனம். வழக்கம்போலக் கழுத்துக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்தார். அந்தக் கழுத்துக்கு அது தேவைப்படவில்லை. தலை நேராக நின்றது. நின்று, அறையை ஒரு சுற்றுப் பார்த்து, அவர் முகத்துக்குத் திரும்பியது.

சீக்கிரம் தலை நின்றுவிட்டது, நம் வம்சத்து உடம்பு என்று சொல்லிக்கொண்டார்.

நாற்காலியில் உட்கார்ந்து புட்டியை வாயில் வைத்தார். மூச்சு வாங்க நிறுத்தாமல், ஒரே இழுப்பில் குடித்தது. ரப்பர் காம்பு உள்ளுக்குள் இழுபட்டுச் சப்பையானது. தோளில் போட்டுத் தட்டியும் ஏப்பம் இல்லை. துளி சிந்தவில்லை.

உள்ளறையில் ஒரு அழுகை கேட்டது. அவருக்கு உயிர் வந்தது. இளையவன் அம்மாவிடம் இருக்கிறான். அப்போது இது மூத்தவன்தான். சாக்ஸ் ஏதோ தூக்கக் கலக்கத்தில் மாறியிருக்கிறது.

அந்த அழுகையோடு இன்னொன்று சேர்ந்துகொண்டது.

முதலாவது கரகரப்பு. இரண்டாவது கீச்சுக் குரல். ஒன்று மூச்செடுக்கும்போது மற்றது கத்தியது.

"தம்பிங்க அழறாங்க தாத்தா," என்றாள் கட்டெறும்பு, கிளிப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஒருத்தன்தான்."

"ரெண்டு." பிஸ்கட் ஒட்டிய இரண்டு விரல்களைத் தூக்கிக் காட்டினாள்.

பக்கத்து வீட்டுக் குழந்தையாக இருக்கும். பக்கத்து வீட்டில் குழந்தை இல்லை. டிவியாக இருக்கும். டிவியும் இல்லை.

கதவு இதோ, எதிரே. நாலு எட்டு. தட்ட வேண்டும். அவ்வளவுதான். தட்டினால் சொல்ல வேண்டும். தூங்கினேன் என்று. தெரியவில்லை என்று. எதைத் தூக்கி வைத்திருக்கிறேன் என்றே தெரியவில்லை என்று.

அவர் உட்கார்ந்தே இருந்தார்.

தோளில் சூடாக மூச்சு பட்டது. அதே பார்சல் அறை நாற்றம். கைவிரலை ஏதோ கவ்வியது. ஈறு இல்லை. ஈறு இத்தனை கூர்மையாக இருக்காது.

கதவு திறந்தது.

அவர் கை தானாகத் துண்டை இழுத்து, தோளில் இருந்ததை மூடியது. ஏன் மூடினார் என்று அவருக்கே தெரியவில்லை. வாழ்நாளெல்லாம் வீட்டுக் குறையை மூடிப் பழகிய கை.

மருமகள் கண் சிவந்து நின்றாள். இடுப்பில் ஒருவன், தோளில் ஒருவன்.

"அசந்து தூங்கிட்டீங்க மாமா. எழுப்ப மனசு வரல. அதான் பெரியவனையும் நானே தூக்கிட்டுப் போனேன்."

"நான் எங்க தூங்கினேன்? சும்மா கண்ணை மூடிட்டிருந்தேன்."

"சரி மாமா." களைப்பிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. "ஆளுக்கு ஒரு சாக்ஸ் காணோம். இந்தக் கட்டெறும்பு வேலையாத்தான் இருக்கும். அது என்ன, தோள்ல? துணியா?"

இருட்டுக் கூடம். தொங்கும் துணிகள். ஒரே ஒரு சொல் போதும். வாயைத் திறந்தார்.

"துணிதான்மா."

"முதுகு விட்டுப்போச்சு மாமா. கொஞ்ச நேரம் ரெண்டு பேரையும் பாத்துக்கறீங்களா? முடியலேன்னா சொல்லுங்க, தப்பில்ல. அந்த ஆயாவையே வரச் சொல்லிடறேன்."

"எதுக்கு அவ? நான் இருக்கேன்ல?"

குரல் கம்பீரமாகவே வந்தது. அதைக் கேட்டு அவருக்கே கூசியது.

அவள் இளையவனைத் தொட்டிலில் கிடத்தினாள். மூத்தவனை அவருடைய காலியான கையில் வைத்தாள். "நீங்க இருக்கீங்க, எனக்கென்ன பயம்," என்று சொல்லி உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. கட்டில் கிறீச்சிட்டது. அவள் படுத்தவுடன் தூங்கிவிடுவாள் என்று அவருக்குத் தெரியும்.

மூத்தவன் பால் மணத்தோடு அவர் மடியில் நெளிந்தான். ஒரு காலில் மஞ்சள். இன்னொரு கால் வெறுமை. ரோஜா நிறத்தில், பட்டாணி பட்டாணியாக விரல்கள்.

கட்டெறும்பு ரயிலை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அவரை அல்ல. அவர் தோளை.

"தாத்தா, அவனுக்கு இன்னும் பசிக்குதாம்."

துண்டுக்குக் கீழே, யாருடைய கைத்தாங்கலும் இல்லாமல், அந்தத் தலை மெல்லத் திரும்பியது. அந்த வெறும் காலின் பக்கமாக.