முதல் முறை வந்தவர்

தணிக்கைக்காரிக்கு இடுப்பு கழன்று விழுந்துவிடும்போல் வலித்தது. விடிந்ததிலிருந்து கிடங்கில் ஏணி ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறாள். கடைசி அடுக்கையும் கையால் துழாவிவிட்டாள். இரும்பு மூக்கு வைத்த வேலை பூட்ஸ் ஒரு ஜோடிகூட மிச்சமில்லை. ராத்திரியோடு ராத்திரியாக அத்தனையும் கம்பெனி வலைத்தளத்தில் பாதி விலைக்கு விற்றுப்போய், காலையில் முதல் வண்டியிலேயே போய்விட்டது. வாங்கியது ஒரே கடை. அதுவரை யாரும் கேள்விப்படாத கடை.

"பாதி விலையை இன்னும் யாருக்கும் திறக்கவே இல்லையேய்யா!" முதலாளி மாடியில் கத்தியது கிடங்குவரை கேட்டது.

காலை 10.20. மாடி அறையில் முதலாளியோடு மூன்று பேர் நின்றார்கள். மார்க்கெட்டிங் மேனேஜர், தளத்துக்குப் படம் எடுக்கும் படக்காரர், வாசகம் எழுதும் பெண். பெண்ணின் கண் சிவந்திருந்தது. அலுவலகம் முழுக்கக் கேட்கும்படி அவளைத் திருடி என்று சொல்லி முடித்திருந்தார் முதலாளி. சாயங்காலத்துக்குள் வெளியேற வேண்டுமாம். அப்பாவின் முழங்கால் கெட்டுப்போன பிறகு வீட்டில் அடுப்பு எரிவது அவள் சம்பளத்தில்தான்.

"தளத்துல போட்டிருக்கிற இந்தப் புது சாப்ட்வேர் எனக்கு ஒண்ணும் புரியாது," என்றாள் மாடி ஏறி வந்த தணிக்கைக்காரி. "சின்னப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்லும்மா."

பெண் மூக்கை உறிஞ்சினாள். "வர்ற ஆளை ஞாபகம் வெச்சுக்கும்க்கா. ஒரு வெல்டர் கையுறை பார்த்துட்டுப் போனா, அடுத்த தடவை அவருக்கு முதல் பக்கத்துலயே கையுறை. புது ஆளா இருந்தா 'முதல் முறையா? உள்ளே வாங்க'ன்னு வரும்."

"பாதி விலை?"

"பழைய வாடிக்கைக்காரங்களுக்கு மட்டும். அடுத்த வாரம்தான் திறக்கிறதா இருந்தோம். அதுக்கு முன்னாடி சோதிச்சுப் பார்க்க எங்க மூணு பேருக்கும் ஒரு லிங்க். அதை ஒரு தடவை திறந்தா போதும், இது சோதனை போன்னு தளம் அந்த போன்லயே ஒரு குறி போட்டு வெச்சுக்கும். அப்புறம் எப்ப வந்தாலும் பாதி விலைதான் காட்டும்."

"ஆர்டரும் எடுக்குமா?"

"எடுக்கும். போகுதான்னு பார்க்கணுமே. போட்டுப் பார்த்துட்டு ரத்து பண்ணிடுவோம்."

மேனேஜர் குறுக்கே புகுந்தார். "மேடம், லிங்க்கை அனுப்பினதே இவதான். வெளிய யாருக்கோ கொடுத்துட்டா. இவ போனைப் பாருங்க, இப்பக்கூட பாதி விலை!"

"நீங்க சோதிச்சீங்களா சார்?"

"நேத்து சாயங்காலம், இதே போன்ல. அந்தப் பக்கத்தை ஒரு நாளைக்கு நூறு தடவை பார்க்கிறவன் நான்."

"அப்ப மூணு பேரும் தளத்தைத் திறந்து போனை மேசையில வைங்க."

பெண்ணின் போனில் பாதி விலை. படக்காரரின் போனிலும் பாதி விலை. அவருக்கு வேர்த்துவிட்டது. "ஐயோ, நான் வாங்கலீங்க! அந்த பூட்ஸ் என் கால் கட்டைவிரலுக்கே பத்தாது!"

மேனேஜரின் போனில் முழு விலை. அதற்கு மேலே பெரிய எழுத்தில், 'முதல் முறையா? உள்ளே வாங்க.'

"பார்த்தீங்களா? என் போன் சுத்தம்," என்று சிரித்தார் மேனேஜர்.

தணிக்கைக்காரி குனிந்து அந்தத் திரையை ஆசையோடு பார்த்தாள். "ரொம்பச் சுத்தம் சார். அதுதான் இடிக்குது."

"என்ன இடிக்குது?"

"நூறு தடவை பார்க்கிறவரைப் பார்த்து முதல் முறையான்னு கேக்குதே! நேத்து நீங்க சோதிச்சிருந்தா இதுலயும் பாதி விலை இருக்கணும். சோதிச்ச மத்த ரெண்டு பேர் போன்லயும் இருக்கு. எல்லாரும் பாதி விலை தெரியுற போனைத் தேடிக்கிட்டிருந்தீங்க. தெரியாத போனைத்தான் தேடியிருக்கணும்."

முதலாளி நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

"ராத்திரி அந்தக் கடை பேர்ல ஆர்டர் போட்டது இந்த போன்லதான். தடயம் இருக்கக்கூடாதுன்னு தளத்துக்குப் போய்வந்த பதிவையெல்லாம் போன்லேருந்து துடைச்சீங்க. கூடவே தளம் போட்டு வெச்ச குறியையும் சேர்த்துத் துடைச்சுட்டீங்க. தளம் உங்களைப் புது ஆள்னு நினைச்சுக்கிச்சு."

"இதெல்லாம் ஒரு ஆதாரமா?"

"இல்லதான். ஆர்டர்ல கடைக்காரர் நம்பர் இருக்கு. உங்க போன்லயே போடுறேன், ஸ்பீக்கர்ல."

அவர் கை நீட்டுவதற்குள் மணி அடித்துவிட்டது. இரண்டே அடிப்பில் எடுத்தார்கள்.

"மச்சான், சரக்கு இறக்கியாச்சு! அக்காகிட்ட சொல்லிடாதீங்க, பங்கு கேப்பா."

படக்காரர் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றார். மேனேஜர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

முதலாளி சரக்கைத் திரும்ப ஏற்றி வர வண்டி அனுப்பச் சொல்லிவிட்டு, பெண்ணிடம் கையை ஆட்டினார். "சரிம்மா, போய் வேலையைப் பாரு."

அவள் நகரவில்லை. "எல்லார் காதும் கேக்கத் திருடின்னு சொன்னீங்க சார்."

"அதான் இல்லைன்னு தெரிஞ்சுபோச்சே."

"நான் எடுக்கலன்னு எனக்கு முன்னாடியே தெரியும். வெளிய உக்காந்திருக்காங்களே, அவங்களுக்குச் சொல்லுங்க."

"நாளைக்குப் பார்க்கலாம்."

இருட்டுவதற்குள் பூட்ஸ் கிடங்குக்குத் திரும்பிவிட்டது. மேனேஜரின் மேசை காலியாகி, அதில் வேறு ஆளும் வந்தாயிற்று. எல்லார் முன்னாலும் அந்தப் பெண்ணிடம் முதலாளி கேட்க வேண்டிய மன்னிப்பு மட்டும் இன்னும் பாக்கி.