கலவாமைச் சான்றிதழ்

பெண் பார்க்க வந்தவர்கள் ஜாதகம் கேட்கவில்லை. சாதியும் கேட்கவில்லை. அந்தச் சொல்லைப் பேச்சில் கேட்டு நூறு வருடமாகிறது என்பதில் மணற்குடிக்காரர்களுக்குத் தனிப் பெருமை. மாப்பிள்ளையின் அம்மா தன்ஷிகா ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு, வழக்கமாக எல்லோரும் கேட்பதைத்தான் கேட்டார்.

"உங்களுக்கு எந்தக் கிணறு?"

"வடக்கு வரிசை. நாலாம் கிணறு" என்றார் பெண்ணின் அப்பா ரித்தீஷ்.

தன்ஷிகா தம்ளரைக் கீழே வைத்துவிட்டார். காப்பி கொண்டுவந்த இயந்திரம், இனிப்பு போதவில்லை என்று முடிவுகட்டி, சர்க்கரைக் கிண்ணத்தை அவர் முகத்துக்கு நேராக நீட்டியது.

"டேய் பரிதி, கிணத்தைப் பத்தி மூச்சு விடலியேடா நீ."

"சொல்லியிருந்தா வந்திருப்பியாம்மா?"

புகை எதுவும் வானத்துக்குப் போகக் கூடாது என்பது இருபத்திரண்டாம் நூற்றாண்டின் சட்டம். இறந்தவரை மூடிய மின்உலையில் எரித்து, வரும் கரியமில வாயுவைப் பிடித்து அழுத்தி, ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் உப்புநீர் ஊறிக் கிடக்கும் மணற்பாறைக்குள் செலுத்திவிட வேண்டும். ஆளுக்குச் சுமார் ஐம்பது கிலோ வாயு. இதற்குக் கரியடக்கம் என்று பெயர். ஊருக்கு ஒரு கிணறே அதிகம் என்றார்கள் பொறியாளர்கள். மணற்குடி பன்னிரண்டு தோண்டியது. எண்பது வருடத்துக்கு முன் சாலைக்கு வடக்கே ஆறு. இருபத்தைந்து வருடத்துக்கு முன் தெற்கே ஆறு. ஒரே கிணற்றுக்காரர்கள் பங்காளிகள், அண்ணன் தங்கை முறை. அதே வரிசையின் மற்றக் கிணறுகளோடு கொடுக்கல் வாங்கல் உண்டு. சாலையைத் தாண்டி மட்டும் கிடையாது. ஏன் என்றால், வழக்கமில்லை.

தன்ஷிகாவின் குடும்பம் தெற்கு, ஒன்பதாம் கிணறு.

பெண் அல்லிக்கு வேலை கரியடக்க நிலையத்தில். ஒரு கிணற்று வாயு இன்னொன்றோடு சேரவில்லை என்று ஆண்டுதோறும் 'கலவாமைச் சான்றிதழ்' கொடுக்கும் அதிகாரி அவள்தான். பன்னிரண்டு குழாய்களையும் சுற்றிவந்து, அடைப்பிதழ்களைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவாள். அவளுக்கு முன்பிருந்தவர்கள் தட்டியும் பார்த்ததில்லை.

"அத்தை, ஒரு மாசம் டைம் குடுங்க" என்றாள் அல்லி. "கீழ ரெண்டும் தனித்தனியாத்தான் இருக்குன்னா, நானே இந்தக் கல்யாணம் வேணாம்னு சொல்லிடறேன்."

"தனித்தனின்னு வருஷாவருஷம் நீதானம்மா எழுதிக் குடுக்கிற?"

"அது குழாய்க்கு, அத்தை."

பரிதியோ அவளோடு இரண்டு வருடமாக ஒரே படகில் வேலைக்குப் போய்வருகிறவன். ஒரு மாதம் என்றதும் அவன் முகம் சுண்டிவிட்டது. அல்லி மறுநாளே சாலையின் நடுவில் துளையிட்டு, ஆழ்துருவி என்னும் இயந்திரப் புழுவை இறக்கினாள்.

அழுத்திய வாயு உப்புநீரைவிட லேசானது. மேலே ஏறி, மூடுபாறையின் அடியில் முட்டிக்கொண்டு பரவும். அங்கிருந்து மூலக்கூறு மூலக்கூறாக நீரில் கரையும். கரண்டி போடாத காப்பியில் அடியில் கிடக்கும் சர்க்கரை பரவுவது போலத்தான். ஒரு மீட்டர் நகரப் பத்து வருடத்துக்கு மேலாகும். ஆனால் வாயு கரைந்த நீர் சற்றுக் கனத்துவிடும். அது விரல் விரலாகக் கீழே இறங்க, அந்த இடத்துக்குப் புதுநீர் ஏற, வேலை சூடுபிடித்துவிடும். எந்த வாயு யாருடையது என்று தெரிய வேண்டுமென வடக்கு வாயுவில் செனான், தெற்கில் கிரிப்டான் என்று ஆளுக்கொரு மந்தவாயுவைத் துளி கலந்து அனுப்புவது முன்னோர் செய்த ஏற்பாடு. ஆழ்துருவி கொண்டுவந்த நீரில் இரண்டும் இருந்தன.

இரண்டு குடும்பங்களையும் நிலையத்துக்கு அழைத்து அல்லி விஷயத்தைச் சொன்னாள்.

"எங்கப்பாவுமா?" என்றார் ரித்தீஷ்.

"எல்லாருந்தாம்ப்பா. சாலைக்கு அடியில பாதிக்குப் பாதி."

தன்ஷிகா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்ப மொத்த ஊரும் ஒரே கிணறுதானா?"

"ஆமா, அத்தை!"

தன்ஷிகா எழுந்து வந்து அவள் கன்னத்தை வாஞ்சையோடு தடவினார். "இனிமே அத்தைன்னு கூப்பிடாத கண்ணு. பெரியம்மான்னு கூப்பிடு."

அல்லிக்கு முதலில் விளங்கவில்லை.

"நாம பங்காளியாயிட்டோம்ல? பரிதிக்கு நீ தங்கச்சி."

"நியாயந்தானே" என்றார் ரித்தீஷ். இருபத்தைந்து வருடத்தில் வடக்கும் தெற்கும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

"திரும்பப் பிரிக்க முடியாதா, அல்லி?" என்றான் பரிதி.

"கரைஞ்சது பிரியுமா?" என்று எரிந்து விழுந்தாள் அவள். சொன்ன வாய் மூடவில்லை. அறிக்கையைப் பரபரவென்று புரட்டினாள். பதினேழாம் பக்கத்தில் விரல் நின்றது.

"ஒரு நிமிஷம். கலந்தது கலந்ததுதான். ஆனா எங்க கிணறு பழசு. எங்க ஆளுங்க பெரும்பாலும் கரைஞ்சு கீழ இறங்கிட்டாங்க. உங்க ஆளுங்க பெரும்பாலும் இன்னும் கரையாம, வாயுவாவே மேல நிக்கிறாங்க."

"அப்ப ரெண்டும் வேற வேறயா?"

"நிலை வேறதான்... அத்தை."

அது உண்மைதான். இன்னும் சில நூறு வருடத்தில் எல்லாமே கரைந்துவிடும் என்பதும் உண்மை. அதை யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

"அப்ப முறை இருக்குங்க, சம்பந்தி!" என்றார் தன்ஷிகா. அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணம் முடிந்தது. சாலையைத் தாண்டி நடந்த முதல் கல்யாணம் என்று ஊரே வந்து சாப்பிட்டது.

நான்காம் நாள் அல்லி அலுவலகம் திறந்தபோது வாசலில் நூறு பேர் நின்றார்கள். தங்கள் குடும்பம் கரைந்ததா, கரையாததா என்று எழுத்தில் வேண்டுமாம். ஒரே வீட்டில் தாத்தா கரைந்து பேரன் கரையாமல் இருந்தால் சொத்துப் பிரிப்பது எப்படி என்று ஒருவர் சட்டப் புத்தகத்தோடு வந்திருந்தார்.

முதல் ஆளாக நின்றவர் அவள் அப்பா. "கரைஞ்சவங்கதாம்மா பழங்குடும்பம். ஆழமானவங்க. அதைக் கொட்டை எழுத்துல போடு."

"யாரு சொன்னா?" பின்னாலிருந்து மாமியாரின் குரல் வந்தது. "மேல இருக்கிறது யாரு? நாங்க. மேலன்னா மேலதான் சம்பந்தி, இதுல என்ன ஆராய்ச்சி?"

கூட்டம் நெருக்கித் தள்ளியது. கண்ணாடிக் கதவு கிறீச்சிட்டது. அல்லி ஒலிபெருக்கியை எடுத்து, எல்லோரையும் இரண்டு வரிசையாகப் பிரிந்து நிற்கச் சொன்னாள்.